முள்ளங்கிப் பாத்தியில் நாலு இருபது

எங்கள் பண்ணையின் முள்ளங்கிப் பாத்தியில், கடைசி வரிசை முடிகிற இடத்தில், இரண்டு முழ நீளத்துக்கு ஆறு வருடமாக ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு இருபதாகவே இருந்தது. சுற்றிலும் அடைமழை பெய்தாலும் அந்த இரண்டு முழத்தில் மட்டும் மேற்கிலிருந்து சாய்வாக மஞ்சள் வெயில் விழும். பதினொரு முள்ளங்கிச் செடிகள், நடுநடுவே பிடுங்காமல் விட்ட கோரைப்புல், மூன்றாவது செடியின் இலையில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நத்தை. அந்த நத்தையும் ஆறு வருடமாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு லிஃப்ட் மெக்கானிக் பாதியில் விட்டுவிட்டுப் போன வரிசை அது. அதை முடித்து வைத்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தேன்.

பண்ணையை அம்மாவும் அவள் தம்பியான என் மாமாவும் நடத்துகிறார்கள். அப்பா நான் பேச்சு பழகுவதற்கு முன்பே இறந்துபோனார். பூச்சிமருந்து கிடையாது, மூட்டை உரம் கிடையாது. சாணத்திலிருந்து அடுப்புக்கு வாயு, கூரையிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர், விருந்தாளிகளுக்கு மண்கட்டிச் சுவர் வைத்த நான்கு அறைகள். வருகிறவர்கள் பாதி நாள் எங்களோடு வேலை செய்வார்கள், மீதி பாதி நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். இப்படி ஓர் இடத்துக்கு மனிதர்கள் ஒருமுறை வருவதே ஆச்சரியம், மறுபடியும் எதற்கு வரப்போகிறார்கள் என்று தொடங்கிய வருடம் மாமா கேட்டாராம். அம்மாவுக்கும் பதில் தெரியவில்லை. பதில் ஒரு பல் டாக்டர் மூலமாக வந்தது. அந்த அம்மாள்தான் முதல் விருந்தாளி. அவரைக்கொடியைப் பந்தல்கால்களில் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டது. கடைசிப் பந்தல்காலை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கட்டி முடிக்கப்போன மாமாவை அம்மா தடுத்தாள். அடுத்தவர் தொட்ட வேலையை அவர் முதுகு மறைந்ததும் நாம் முடித்தால் அது அவர் மூஞ்சியில் அடித்த மாதிரி என்பது அம்மாவின் கட்சி. மற்றக் கொடிகள் எல்லாம் காய்த்து, முற்றி, காய்ந்து, பிடுங்கப்பட்டு, அடுத்த போகமும் முடிந்த பிறகும் அந்தக் கடைசிக் காலில் மட்டும் காலை எட்டு மணியாகவே இருந்தது. இலையில் பனித்துளிகூடக் காயவில்லை. மறு வருடம் பல் டாக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூட வைக்காமல் நேராக அங்கே ஓடினார். "ஒவ்வொரு பல்லைப் பிடுங்கறப்பவும் இந்தக் கொடிதாம்மா கண்ணுக்குள்ள நின்னுச்சு. என்னமோ அடுப்பை அணைக்காம வந்த மாதிரி ஒரு உறுத்தல்" என்றார்.

அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் எதையும் இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிலிருந்து எந்த விருந்தாளி என்ன வேலை செய்தாலும், முடிய ஒரு கைப்பிடி இருக்கும்போது தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இரும்புக் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவாள். கரண்டிச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுச் சாப்பிட வர வேண்டும். மிச்சத்தை யாரும் தொடக்கூடாது. இதுதான் எங்கள் பண்ணையின் ஒரே சட்டம். சில வருடங்களில் தோட்டம் முழுக்க காலை ஒன்பது, மதியம் மூன்று என்று விதவிதமான மணிகள் நின்றன. ஒரு கணவனும் மனைவியும் கல்யாணமான புதிதில் வந்து, மக்கு உரக் குவியலைப் புரட்டும்போது பெரிய சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை நடுவே மழை பிடித்தது. பாதி புரட்டிய குவியல்மேல் அந்த மழை இன்றைக்கும் பெய்துகொண்டிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் குடையோடு வந்து, நான்கு மண்வெட்டி புரட்டுவார்கள், விட்ட இடத்திலிருந்து சண்டை போடுவார்கள், கரண்டி தட்டியதும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போவார்கள். ஒன்பது வருடமாக ஒரே குவியல். அவர்களுக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன.

விருந்தாளிகள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நாற்பத்திரண்டு கேள்விகள் அச்சடித்த தாளோடு வந்தார். எல்லோரும் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, அமைதி என்று எழுதிக்கொடுத்தார்கள். அமைதி என்று எழுதியபோது பக்கத்தில் நின்று வான்கோழிகள் கத்திய கத்தலில் பேனா கைதவறி விழுந்தது. அப்படியும் அமைதி என்றே எழுதினார்கள், ஏனென்றால் உண்மைக் காரணத்தை அதிகாரியிடம் சொன்னால் பைத்தியம் என்பார். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அம்மா அவரிடம் உரிக்க ஒரு கூடைப் பட்டாணி கொடுத்தாள். கரண்டி தட்டியபோது கூடையில் இருபது காய்கள் மிச்சம். அவர் இப்போது மூன்றாவது வருடமாகத் தகவலைச் சரிபார்க்க வருகிறார்.

சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கைக்கு ஒரு வியாதி உண்டு. குறையாக எதையாவது பார்த்தால் கை சும்மா இருக்காது. பிணம் எடுக்கப் போன வீட்டில், துக்கம் விசாரித்துக்கொண்டே வாசல் ஓரத்துப் புல்லை எல்லாம் பிடுங்கிக் குவித்துவிட்டு வந்தவர் மாமா. ஐந்தாவது வருடம், ஏதோ யோசனையில் நடந்துபோனவர், பல் டாக்டரின் கடைசிப் பந்தல்காலில் தொங்கிய கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். போட்ட கையோடு பனித்துளி காய்ந்தது, கொடி காய்த்து முற்றிச் சருகாகிக் காலடியில் விழுந்தது. அந்த வருடம் பல் டாக்டர் வரவில்லை. அம்மா போன் செய்தபோது மிகவும் மரியாதையாக, "எந்தப் பண்ணைங்க? நான் பண்ணைக்கெல்லாம் போனதே இல்லையே" என்று சொல்லி வைத்துவிட்டார். மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு வேலை முடிந்தால் அது முடிந்ததுதான். வந்தவருக்கு இந்த இடமும் இல்லை, நாங்களும் இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் இரண்டு வருடத்தில் பதினொரு முறை வந்தவர். வந்த முதல் நாளே, "நான் தரையில இருக்கற ஆளே இல்லைங்க, எப்பவும் ரெண்டு மாடிக்கு நடுவுலதான்" என்றார். அம்மா சிரித்த சத்தத்தில் மாட்டுக்கொட்டகையில் மாடுகள் திரும்பிப் பார்த்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பன்னிரண்டாவது முறைக்கு அவர் வரவே இல்லை. அவருடைய அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு வியாழக்கிழமை போன் வந்து, கையிலிருந்த கோரையைப் போட்டுவிட்டு, "அடுத்த வாரம் வந்து முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, தூரத்து நகரத்துக்குப் போனவர்தான். போன் செய்யச் சொல்லி மாமா எத்தனையோ முறை சொன்னார். அம்மா, "வரணும்னா வருவாங்க, கூப்பிட்டா வர்றது வேற" என்றாள். ஆனால் வேலையெல்லாம் முடிந்ததும் தினமும் அந்த நாலு இருபது வெயிலின் ஓரத்தில் போய் உட்காருவாள். மழைக்காலத்தில் எங்கள் துண்டு, தலையணை உறை எல்லாம் காய்வதும் அந்த இரண்டு முழ வெயிலில்தான். மாமா அதை அக்காவின் வெயில் என்பார், அவள் காதில் விழாமல்.

இந்த வருடம் அம்மா, அத்தை மகளின் பிரசவத்துக்காக ஐந்து நாள் ஊரில் இல்லை. இரண்டாம் நாள் காலை, புதிதாக வந்திருந்த விருந்தாளிகளின் குழந்தைகளுக்கு எது பயிர், எது களை என்று காட்டிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே குந்தினேன். பேசிக்கொண்டே நகர்ந்தேன். இலை இப்படி இருந்தால் முள்ளங்கி, இப்படி இருந்தால் கோரை, கோரையை வேரோடு எடுக்க வேண்டும், இதோ பாருங்கள். அப்போது ஒரு சின்னப் பையன், "அக்கா, வெயில் போயிடுச்சு" என்றான். கையைப் பார்த்தேன். கை நிறையக் கோரைப்புல். பதினொரு செடிகளும் என் கண் முன்னால் முழங்கால் உயரம் எழும்பி, வெள்ளையாகப் பூத்து, காய் வைத்துக் காய்ந்தன. ஆறு வருட முள்ளங்கி எப்படி இருக்கும் என்று குழந்தைகள் கைதட்டிப் பார்த்தார்கள். நத்தை இலையின் நுனிக்குப் போய்ச் சேர்ந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

அடுத்த நாள் முழுக்க அம்மாவின் பீரோக் கண்ணாடியைக் கழற்றி, பப்பாளி மரத்தில் சாய்த்து, வெயிலை அந்த இரண்டு முழத்தில் விழவைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வாளியோடு வந்து நின்றார்.

"என்னடி இது, தோட்டத்துக்குப் பொட்டு வைக்கிறியா?"

மாமா கண்ணாடியைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். வாளியில் தண்ணீர் இருந்தது.

"உன் கையா?"

"என் கைதான் மாமா."

"நம்ம ரத்தம்" என்றார். வாளியிலிருந்து எழாமலே, "உங்கம்மா வந்து பார்த்தா திட்டமாட்டா. அதான் எனக்கு பயமா இருக்கு" என்றார்.

எனக்கும் அதுதான் பயம். திட்டினால் ஒரு நாளில் முடிந்துவிடும். அம்மா ஒன்றும் சொல்லாமல் துண்டை வேறு இடத்தில் காயப்போடுவாள். தினமும் அதை நான் பார்க்க வேண்டும். விருந்தாளிகள் பதிவேட்டில் அவர் நம்பர் இருந்தது. மாமா கொட்டகைக்குப் போன நேரம் பார்த்து எடுத்து அடித்தேன். பண்ணையின் பேரைச் சொன்னேன். என் பேரைச் சொன்னேன். அம்மா பேரையும் சொன்னேன்.

"தெரியலையேம்மா. ராங் நம்பரா இருக்கும். வெச்சிடட்டுமா?"

அந்தக் குரல் மாறவே இல்லை. வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சார், வெச்சிடாதீங்க! எங்க லிஃப்ட் மாட்டிக்கிச்சு!"

எங்கள் வீட்டில் லிஃப்ட் கிடையாது. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆனால் அந்தப் பக்கம் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது.

"எத்தனாவது மாடியில?"

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல."

"உள்ளே யாராவது இருக்காங்களா?"

"எங்கம்மா இருக்காங்க."

"எவ்வளவு நேரமா?"

"ஆறு வருஷமா."

பேனாவால் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "காத்து வருதா?" என்றார்.

"வருது."

"சாப்பாடு?"

"அவங்கதான் சமைக்கறாங்க."

"அப்ப சமாளிச்சுக்குவாங்க. எனக்கு வந்து சேர ரெண்டு நாள் ஆகும், தூரம். உங்கம்மாகிட்ட பதட்டப்பட வேண்டாம்னு சொல்லு. முக்கியமா, அவங்களா கதவைப் பிடிச்சுத் தள்ள வேண்டாம்னு சொல்லு. நான் வந்துடறேன்."

சொன்னபடி வந்தார். அம்மாவும் அன்றைக்குத்தான் ஊரிலிருந்து வந்தாள். அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வாசலில் பையை வைக்கிறாள், அவர் கருவிப் பெட்டியோடு ஒரு வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்குகிறார். காதோரம் நரைத்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார், ஒரு புதுக் கட்டடத்தின் சுவரைப் பார்ப்பதுபோல.

"லிஃப்ட் கம்ப்ளெயின்ட் கொடுத்தது இங்கதானே? உள்ள மாட்டிக்கிட்டவங்க யாரு?"

மாமா கொட்டகைத் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். நான் அம்மாவைக் கை காட்டினேன். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, தோட்டத்தில் வெயில் இல்லாமல் கிடந்த அந்த இரண்டு முழத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விளக்கம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"வெளிய வந்துட்டீங்களா?" என்று அவர் கேட்டார்.

"இப்பத்தான் வந்தேன்" என்றாள் அம்மா. "தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க."

முதல்முறை வருகிறவர்களுக்குச் சொல்வதை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். குளிக்கிற இடம் பின்னால், வான்கோழிக்கு முதுகு காட்டாதீங்க, செருப்பை இங்கே விடுங்க. கைகால் நீட்டிக்கொள்ள வேண்டுமென்றால் கேரட்டில் களை நிறைய இருக்கிறது என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் குந்தினார். கை தானாக வேரைத் தேடிப் போனதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது. "இது எனக்குப் புதுசுங்க. நான் தரையில இருக்கற ஆளே இல்ல, எப்பவும் ரெண்டு மாடிக்கு நடுவுலதான்" என்றார். அம்மா சிரித்தாள். அன்றைக்குச் சிரித்த அதே அளவு, ஒரு பிடி குறையவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குந்தவைத்துக்கொண்டாள். "போன்ல என்ன சொன்னே?" என்று மெல்லக் கேட்டாள். சொன்னேன். ஆறு வருடம் என்ற இடம் வந்ததும் என் பின்னந்தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. தட்டிய கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

வரிசையில் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தபோது மாமா கரண்டியை ஓங்கிவிட்டார். அம்மா எழுந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, முடிச்சிடப் போறாருக்கா. முடிச்சா வாசல் தாண்டறதுக்குள்ள மறந்துடுவாரு."

"மறந்தா மறக்கட்டும்டா. கட்டிப்போட்டு வெச்சு வரவழைச்சா அது விருந்தாளியா, கொட்டகை மாடா?"

"ஊருக்கே நீதானேக்கா கரண்டி தட்டறே!"

"ஊருக்குத் தட்டறேன். இவருக்கு வேண்டாம்."

அவர் முடித்தார். கடைசிக் கோரையை வேரோடு தூக்கிப் பிடித்து, மண்ணை உதறி, திருப்தியாக ஒருமுறை பார்த்துவிட்டு வீசினார். அந்த இடத்தில் எந்த மணியும் நிற்கவில்லை. எல்லா இடத்தையும் போல அங்கேயும் நேரம் ஓடியது. கை கழுவினார், சாப்பிட்டார், நன்றாக இருந்தது என்றார். கருவிப் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள், எனக்கு வலித்தது. வண்டி வாசலைத் தாண்டியது. வளைவு வரை போனது. வளைவில் நின்றது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் பார்ப்பது அங்கிருந்தே தெரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, வந்த வேலையை விட்டுட்டுப் போறேனே! லிஃப்டைப் பார்க்கவே இல்லையே!"

மாமாதான் முதலில் புரிந்துகொண்டார். களையை முடிக்கலாம், கொடியைக் கட்டலாம், குவியலைப் புரட்டலாம். இல்லாத லிஃப்டை யாரால் சரிசெய்து முடிக்க முடியும்? எங்கள் குடும்பத்துக் கையே பட்டாலும் முடியாது. அன்றைக்கு இருட்டும்வரை மெக்கானிக் மாட்டுக்கொட்டகைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே லிஃப்டைத் தேடினார். கிடைக்கவில்லை. அதற்காக அவர் கோபப்படவும் இல்லை. இருபது வருடத் தொழிலில் இதைவிட மோசமானதை எல்லாம் பார்த்திருப்பதாகச் சொன்னார். பெட்டியிலிருந்து சர்வீஸ் அட்டை ஒன்றை எடுத்து, அம்மாவின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"எத்தனை மாடின்னு போடட்டும்?"

"ரெண்டு போடுங்க" என்றாள் அம்மா, அரிசி எத்தனை படி என்று சொல்வதுபோல.

அவர் அந்த நகரத்து வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கமே வந்துவிட்டார். சனிக்கிழமை தவறாமல் வருகிறார். லிஃப்டைத் தேடுகிறார், அட்டையில் வேலை நிலுவையில் என்று எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்குகிறார், பிறகு ஏதாவது ஒரு பாத்தியில் முழு வரிசைக்கும் களை எடுத்துக் கொடுக்கிறார். யாரும் கரண்டி தட்டுவதில்லை. பழைய பதினொரு முறையும் அவருக்கு நினைவில் இல்லை. அம்மா நினைவூட்டவும் இல்லை. முதல் அட்டை நிரம்பி இரண்டாவது அட்டை தொடங்கிய வாரம் யாரும் கட்டாமலே எங்கள் வீட்டுக்கு ஒரு மேல் மாடி வந்துவிட்டது. அறை ஒன்று, ஜன்னல் இரண்டு. படிக்கட்டு கிடையாது. அம்மா தன் பாயையும் தலையணையையும் அங்கே கொண்டுபோய்விட்டாள். எப்படி ஏறுகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. மேலே கொசு குறைவு என்கிறாள்.